கணினியில் இணைக்கப்படும் கருவிகளுக்கும் பதிவேடு வேண்டும்

ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் பதிவேடுகளுக்குக் குறைவே இல்லை. உள்ளே வரும் தபாலுக்கு ஒரு பதிவேடு. வெளியே செல்லும் தபாலுக்கு மற்றொன்று. சிமெண்டு மூட்டைகளுக்கும் இரும்புக் கம்பிகளுக்கும் இருப்புப் பதிவேடு உண்டு. ஜீப்பு எத்தனை மைல் ஓடினாலும் அதற்குக் கணக்கு உண்டு. அலுவலர் ஒருவர் மதிய வேளையில் கருவூலத்துக்குச் சென்றால் நடமாட்டப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டே செல்கிறார். இவையெல்லாம் எவர் மீதோ ஐயங்கொண்டு ஏற்படுத்தப்பட்டவை அல்ல. பொதுப் பணத்தையும் பொதுப் பொருளையும் கையாள்பவர் எவராயினும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கையே இவற்றுக்கு அடிப்படையாகும்.

ஆயினும், அதே அலுவலகத்தின் மேசை மீதுள்ள கணினியில் நேற்று எத்தனை பென் டிரைவுகள் செருகப்பட்டன, அவை எவருடையவை, எந்த நேரத்தில் செருகப்பட்டன என்று கேட்போமாயின், உடனே விடை கூறக்கூடிய அலுவலகங்கள் சிலவாகவே இருக்கும். இக்குறையை நீக்குவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. கணினியிலேயே அதற்குரிய வசதி அமைந்திருக்கிறது. அதனை எவ்வாறு பயன்படுத்துவது, அதனால் விளையும் நன்மை யாது, அதன் எல்லை எது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கருவிகள் எவை?

கணினியிற் செருகி எடுக்கத்தக்க கருவி என்றதும் பென் டிரைவ் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அவை பலவாகும். வெளிப்புற ஹார்டு டிஸ்க், கேமராவின் மெமரி கார்டு, விரல் ரேகைக் கருவி, மின்னணுக் கையொப்பத்துக்குரிய டோக்கன், மின்னேற்றம் செய்வதற்காக மட்டும் செருகப்படும் கைப்பேசி ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவை அனைத்தும் யு.எஸ்.பி. என்னும் ஒரே வாயில் வழியாகக் கணினியோடு இணைகின்றன. இந்த இணைப்பு முறை 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பென் டிரைவுகள் 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. பலவகைக் கருவிகளுக்கு ஒரே வாயில் என்பது பெரும் வசதிதான். ஆனால், உள்ளே வரும் கருவி தன்னை இன்னதெனக் கூறினால், கணினி அதனை அப்படியே நம்பிவிடுகிறது. வசதியும் ஆபத்தும் இவ்விடத்தில் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

ஆபத்து எத்தகையது?

ஆபத்து இருவகைப்பட்டது. தீயது உள்ளே வருதல் ஒன்று; காக்கப்பட வேண்டியது வெளியே செல்லுதல் மற்றொன்று.

முதலாவதற்கு உலகறிந்த சான்றுகள் உள. 2010-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீய நிரல், ஈரான் நாட்டின் நாதன்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்து இயந்திரங்களைக் கெடுக்கும் நோக்குடன் உருவாக்கப்பட்டது. இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினிகளையும் சென்றடையும் பொருட்டு, அது பென் டிரைவ் வாயிலாகவும் பரவுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னரே, 2008-ஆம் ஆண்டில், அமெரிக்க இராணுவத்தின் கணினி வலையமைப்புகளுள் ஒரு தீய நிரல் நுழைந்தது. மத்திய கிழக்கிலுள்ள இராணுவத் தளம் ஒன்றில், ஒரு மடிக்கணினியிற் செருகப்பட்ட பென் டிரைவே அதற்கு வாயிலாயிற்று என்று, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலராயிருந்த வில்லியம் லின் 2010-ல் வெளியிட்ட கட்டுரையில் தெரிவித்தார்.

மனித இயல்பும் இவ்வாபத்துக்குத் துணைபுரிகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழக வளாகத்தில் ஆராய்ச்சியாளர்கள் 297 பென் டிரைவுகளை ஆங்காங்கே கிடக்கவிட்டுச் சோதித்தனர். அதன் முடிவு 2016-ல் வெளியாயிற்று. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, கண்டெடுத்தவர்களால் கணினியில் இணைக்கப்பட்டு உள்ளிருந்த கோப்புகளும் திறக்கப்பட்டன. முதலாவது பென் டிரைவ் ஆறு நிமிடங்களுக்குள்ளாகவே செருகப்பட்டுவிட்டது. படித்தவர்கள் நிறைந்த பல்கலைக் கழகத்திலேயே இந்நிலை எனில், நமது அலுவலகங்கள் இதற்கு விதிவிலக்கு என்று எண்ண இடமில்லை.

இரண்டாவது வகை ஆபத்து நமக்கு இன்னும் அண்மையிலுள்ளது. வீட்டு வசதித் திட்டப் பயனாளிகளின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை நமது கணினிகளில் உள்ளன. ஓர் ஒன்றியத்தின் ஏழை மக்கள் அத்தனை பேருடைய விவரமும் கட்டை விரலளவுள்ள ஒரு கருவியில் அடங்கிவிடும். அப்பட்டியல் தரகர் கையிலோ, தொலைபேசி வழியாக ஏமாற்றுவோர் கையிலோ சிக்குமானால், "உங்கள் வீட்டுக்குரிய தவணைப் பணம் வந்திருக்கிறது" என்று பெயர் சொல்லி அழைத்து, அந்த எளிய மக்களின் சேமிப்பைக் கவர்ந்துவிடுவர். சர்க்கார் ஊழியரை நம்பி விவரம் கொடுத்தவருக்கு நாம் செய்யும் துரோகமாகவே அது முடியும்.

மின்னணுக் கையொப்ப டோக்கனைப் பற்றியும் ஈண்டு ஒரு வார்த்தை கூற வேண்டும். 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியாக ஊராட்சிப் பணம் வழங்கப்படும்போது, பட்டியலை ஆயத்தம் செய்பவரும் அதனைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பவரும் தனித்தனியே மின்னணுக் கையொப்பமிடுகின்றனர். இருவர் கையொப்பம் என்பது பணத்துக்கு இரட்டைப் பூட்டு. இரு டோக்கன்களும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்து, இரண்டின் கடவுச்சொல்லும் ஒருவருக்கே தெரிந்திருக்குமானால், பூட்டு இரண்டாயினும் சாவிக்கொத்து ஒன்றே. டோக்கன் எப்பொழுது செருகப்பட்டது என்னும் பதிவு, இத்தகைய ஒழுங்கின்மையையும் வெளிப்படுத்த வல்லது.

சட்டம் கூறுவது

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, பொறுப்புடையவரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவுகளை நகலெடுப்பதையும், கணினியில் வைரஸைப் புகுத்துவதையும் குற்றங்காண்கிறது. செருகி எடுக்கும் சேமிப்புக் கருவியில் உள்ள தரவையும் அப்பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. இச்செயல்கள் நேர்மையற்ற நோக்குடனோ மோசடியாகவோ செய்யப்பட்டால், 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த கட்டளைகள் அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் காத்து வைத்தல், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவித்தல், கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைத்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எனவே, பதிவு வைப்பது விருப்பத்தைப் பொறுத்த காரியம் அன்று.

பதிவு எங்கே உள்ளது?

விண்டோஸ் கணினியில் "ஈவென்ட் வியூவர்" என்னும் பகுதி உண்டு. கணினியில் நிகழ்பவற்றை அது ஒரு நாட்குறிப்பைப் போல் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு வகை நிகழ்ச்சிக்கும் ஓர் எண் உண்டு. நமக்கு வேண்டுவன சிலவே.

விண்டோஸ் 10 முதலாகப் புதிய வெளிக்கருவி ஒன்றைக் கணினி அறிந்துகொள்ளும்போது 6416 என்னும் எண்ணுடைய குறிப்பு எழுதப்படும். ஆனால் இது தானாக நடைபெறுவதில்லை; நாமே அதனைப் பணிக்க வேண்டும். "லோக்கல் செக்யூரிட்டி பாலிசி" என்னும் கருவியைத் திறந்து, "அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசி" பகுதியில் "டீட்டெய்ல்டு டிராக்கிங்" என்பதன் கீழுள்ள "ஆடிட் பி.என்.பி. ஆக்டிவிட்டி" என்பதை "சக்ஸஸ்" என அமைத்தல் வேண்டும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் "லோக்கல் செக்யூரிட்டி பாலிசி" இராது. ஆதலால், அலுவலகத்துக்குக் கணினி வாங்கும்போதே புரொஃபஷனல் பதிப்பைக் கோருதல் நலம்.

சேமிப்புக் கருவியில் எந்தக் கோப்பு படிக்கப்பட்டது, எது எழுதப்பட்டது என்றும் அறிய விரும்பினால், அதே இடத்தில் "ஆப்ஜெக்ட் ஆக்சஸ்" என்பதன் கீழுள்ள "ஆடிட் ரிமூவபிள் ஸ்டோரேஜ்" என்பதை இயக்க வேண்டும். அப்பொழுது கோப்பின் பெயரும், பயன்படுத்தியவரின் கணக்குப் பெயரும் 4663 என்னும் எண்ணின் கீழ்ப் பதிவாகும். இக்குறிப்புகள் மிகப் பலவாக வருமாதலின், பயனாளிப் பட்டியல்கள் உள்ள கணினிகளில் மட்டும் இதனை இயக்கினாற் போதும்.

6416 கருவியின் வருகையைக் கூறும். அது எடுக்கப்பட்டதைக் கூறாது. லினக்ஸ் கணினிகளிலோ, எவ்வித முன்னேற்பாடும் இன்றியே, யு.எஸ்.பி. கருவி செருகப்பட்டதும் எடுக்கப்பட்டதும் அமைப்பின் பதிவில் இடம்பெறுகின்றன.

தணிக்கை அமைப்பு செய்யப்படாத விண்டோஸ் கணினியும் முற்றும் ஊமையன்று. அதன் "ரெஜிஸ்ட்ரி"யில், இதுகாறும் இணைக்கப்பட்ட சேமிப்புக் கருவிகளின் பட்டியல் இருக்கும். கருவிகள் நிறுவப்படுவதைக் குறிக்கும் பதிவுக் கோப்பில், ஒரு கருவி முதன்முதலாக இணைக்கப்பட்ட நாளும் நேரமும் கிடைக்கும். ஆயினும், சம்பவம் நடந்த பின்னர்ச் சுவடு தேடுவதைவிட, நடப்பதற்கு முன்னரே கணக்கு வைப்பது மேலானது.

வரிசை எண்ணும் வெளியீட்டுப் பதிவேடும்

6416-ஆம் குறிப்பில் கருவியின் அடையாளம் எழுதப்பட்டிருக்கும். சேமிப்புக் கருவியாயின், செய்தவர் பெயர், பொருளின் பெயர், வரிசை எண் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பென் டிரைவுகள் நூறு இருப்பினும், வரிசை எண்கள் வேறு வேறாக இருக்கும். வரிசை எண்ணின் இரண்டாவது எழுத்து & என்னும் குறியாயிருந்தால், அக்கருவிக்குத் தனி எண் இல்லை என்றும், கணினியே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்றும் பொருள். அத்தகைய கருவிகளை அலுவலக உபயோகத்துக்கு வாங்கலாகாது.

இங்குதான் முக்கியமான கருத்து ஒன்றை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். கணினி எழுதும் பதிவு எவ்வளவு துல்லியமாயினும், அதனை ஒப்பிட்டுப் பார்க்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு இல்லாவிடில், அதனாற் பயனில்லை. வாயிற்காவலன் வருவோர் முகத்தையெல்லாம் நன்றாகப் பார்க்கிறான். ஆனால் வீட்டார் யார், அயலார் யார் என்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை என்றால், அவன் பார்த்ததனால் யாது பயன்? அவ்வாறே, அலுவலகத்துக்கு உரிய கருவிகள் இவை என்று வகுத்து வைத்தால்தான், உரியதல்லாத கருவி கண்ணிற் படும்.

இதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். அலுவலகத்தின் ஒவ்வொரு கருவியையும் கணினியிற் செருகி, "டிவைஸ் மேனேஜர்" பகுதியில் அதன் வரிசை எண்ணைக் கண்டு, பின்வரும் கலங்களில் எழுத வேண்டும்: அலுவலக எண், கருவியின் வகை, வரிசை எண், வழங்கப்பட்டவர் பெயர், வழங்கிய நாள், பெற்றவர் கையொப்பம், திரும்பப் பெற்ற நாள். கருவியின் மீது அலுவலக எண்ணை ஒட்டிவிடலாம். சொந்தக் கருவிகளைச் செருகலாகாது என்னும் ஆணையையும் எழுத்து மூலம் வழங்கி, யாவரிடமும் ஒப்பம் பெற வேண்டும். ஆணையே இல்லாத இடத்தில் மீறல் என்று எவரையும் குறை கூற இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் ஒன்றிய அலுவலகத்தை மனத்திற் கொள்வோம். பயனாளிகள் 400 பேர் அடங்கிய பட்டியல் ஒன்று தரகர் ஒருவரிடம் இருப்பதாகப் புகார் வருகிறது. அப்பட்டியல் இருந்த கணினியில் நாள்தோறும் வேலை செய்பவர் கணினி உதவியாளர். ஆதலின், எல்லோருடைய ஐயமும் அவர் மீதே பாய்கிறது. பதிவு ஏதும் இல்லையாயின், அவர் குற்றவாளி என்று மெய்ப்பிக்கவும் இயலாது. அவர் தம் நேர்மையை நிலைநாட்டவும் வழியிராது. பணியில் உள்ள வரை அப்பழி அவரைத் தொடரும்.

அவ்வலுவலகத்தில் பதிவு இருப்பதாகக் கொள்வோம். செவ்வாய்க்கிழமை பகல் 12-50 மணிக்குக் கணினி உதவியாளர் தம் கணக்கிலிருந்து வெளியேறியதை 4647 என்னும் குறிப்பு காட்டுகிறது. பிற்பகல் 1-38 மணிக்கு "அலுவலகம்" என்னும் பொதுக் கணக்கின் பெயரால் ஒருவர் உள்நுழைந்ததை 4624 என்னும் குறிப்பு காட்டுகிறது. 1-42 மணிக்கு ஒரு பென் டிரைவ் இணைக்கப்பட்டதை 6416 கூறுகிறது. அதன் வரிசை எண் வெளியீட்டுப் பதிவேட்டில் இல்லை. 1-44 மணிக்குப் பயனாளிப் பட்டியல் அதில் எழுதப்பட்டதை 4663 கூறுகிறது. உதவியாளர் மீண்டும் உள்நுழைந்தது 3-10 மணிக்கு. அந்த இடைவேளையில் அவர் பட்டியலுடன் கருவூலத்துக்குச் சென்றிருந்தார் என்பதற்கு, நடமாட்டப் பதிவேட்டில் மேலாளரின் ஒப்பம் இருக்கிறது.

இதனால் இரு பாடங்களைப் பெறுகிறோம். முதலாவது, கணினியின் பதிவும் காகிதப் பதிவேடும் சேர்ந்தே ஓர் உத்தமரைப் பழியினின்றும் காத்தன. இரண்டாவது, உண்மையில் நகலெடுத்தவர் யார் என்பது அப்பதிவிலிருந்து வெளிப்படவில்லை. ஏன்? பொதுக் கணக்கின் கடவுச்சொல் அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும். 6416-ஆம் குறிப்பிலும் பெரும்பாலும் கணினியின் பெயரே காணப்படுமன்றி, செருகியவர் பெயர் காணப்படாது. அந்நேரத்தில் உள்நுழைந்திருந்தவர் யார் என்பதைக் கொண்டே ஆளை அறிய வேண்டும். பொதுக் கணக்கு என்பது, வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஒரே பெயரை எழுதிக் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, ஒருவருக்கு ஒரு கணக்கு, ஒருவருக்கு ஒரு கடவுச்சொல் என்பது இம்முறைக்கு உயிர்நாடி.

பதிவின் எல்லைகள்

பதிவு, திருட்டைத் தடுப்பதில்லை, நடந்ததைக் கூறுகிறது. தடுக்க வேண்டுமாயின், சேமிப்புக் கருவிகளை ஏற்காதவாறு கணினியை அமைக்கும் வசதி தனியே உண்டு. மிக முக்கியமான கணினிகளில் அதனையும் மேற்கொள்ளலாம்.

கருவி தன்னைப் பற்றிப் பொய் கூறவும் கூடும். பென் டிரைவின் உள்நிரலை மாற்றி, அதனை விசைப்பலகையாக நடிக்கச் செய்யலாம் என்பதைக் கார்ஸ்டென் நோல், யாகோப் லெல் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் மெய்ப்பித்துக் காட்டினர். ஆதலின், சேமிப்புக் கருவிகளை மட்டுமன்றி, புதிதாகத் தோன்றும் விசைப்பலகைகளையும் பதிவிற் கவனிக்க வேண்டும். ஒரு கணினிக்கு விசைப்பலகை ஒன்றே இருக்க, இரண்டாவது ஒன்று பதிவாகியிருந்தால் அதனை விசாரித்தல் அவசியம்.

பதிவை அழிக்கவும் இயலும். நிர்வாகி உரிமை உடையவர் பாதுகாப்புப் பதிவைத் துடைத்துவிடலாம். ஆயினும், துடைத்த செய்தி 1102 என்னும் எண்ணுடன் புதிய பதிவின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிடும். பதிவுக்கு ஒதுக்கப்படும் இடமும் சிறிது. சாதாரணமாக 20 மெகாபைட் அளவே இருக்கும். அது நிறைந்ததும் பழைய குறிப்புகள் அழிந்து, அவ்விடத்தில் புதியவை எழுதப்படும். ஆதலின், அவ்விடத்தைப் பெரிதாக்குவதுடன், பதிவை மாதந்தோறும் நகலெடுத்து வேறொரு கணினியிற் காத்து வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. அலுவலகக் கருவிகளுக்கு வெளியீட்டுப் பதிவேடு திறந்து, வரிசை எண்களை எழுதுதல்.

2. பொதுக் கணக்குகளை நீக்கி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அளித்தல். நிர்வாகி உரிமையை ஒருவரிடம் மட்டும் வைத்தல்.

3. 6416 பதிவாகுமாறு எல்லாக் கணினிகளையும் அமைத்தல். முக்கியக் கணினிகளில் 4663-ஐயும் சேர்த்தல்.

4. கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்தல். நேரம் தவறான பதிவு, தேதியில்லாத கடிதம் போன்றது.

5. வாரந்தோறும் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்கி, பதிவைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பார்த்ததற்கு அடையாளமாக நோட்டில் ஒப்பமிடுதல். இதனைச் செய்பவர் நிர்வாகி உரிமை உடையவராக இருத்தலாகாது. கணக்கு எழுதுபவரே தணிக்கையாளராதல் முறையன்று.

6. பதிவேட்டில் இல்லாத கருவி காணப்பட்டால், உரியவரை அழைத்து முதலில் விளக்கம் கேட்டல். மகளின் பள்ளிக்கூடப் பாடத்தை அச்சிட வந்த பென் டிரைவாகவும் அது இருக்கலாம். முதல் முறை அறிவுரையும், மறுமுறை எழுத்து மூலம் எச்சரிக்கையும் போதுமானவை. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யச் சுவரில் தனி வசதி ஏற்படுத்திக் கொடுத்தால், பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும்.

7. டோக்கன்களை உரியவரிடமே இருக்கச் செய்தல். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து எடுத்துவிடுதல்.

இம்முறையை அலுவலகத் தலைவர் தம் கணினியிலிருந்தே தொடங்க வேண்டும். தலைவரின் பென் டிரைவுக்கு எண் இல்லை என்றால், எழுத்தரின் பென் டிரைவுக்கு எண் கேட்கும் தகுதி எவருக்கும் இராது. பதிவு எல்லோர்க்கும் பொதுவாக இருந்தாற்றான், அஃது ஒற்றறிதலாகத் தோன்றாமல் ஒழுங்காகத் தோன்றும். தன் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நம்மிடம் கொடுத்துவிட்டு, ஓட்டு வீட்டின் திண்ணையில் அமர்ந்து தவணைக்காகக் காத்திருக்கும் குடியானவர், நமது கணினிகளை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவர் சார்பில் அவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் நாமே.

வாராந்திரக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது அலுவலகத்திற்குச் சொந்தமான பென் டிரைவுகள் எத்தனை? அவை இன்று எவரெவரிடம் உள்ளன?

2. ஒருவருக்கு மேற்பட்டோர் அறிந்த கடவுச்சொல் எந்தெந்தக் கணினிக்கு உள்ளது? அதனை எந்த நாளுக்குள் மாற்றுவோம்?

3. பயனாளிப் பட்டியல்களை ஊராட்சிகளுக்கு அனுப்பப் பென் டிரைவ் அவசியந்தானா? வேறு வழி உண்டா?

4. பதிவை வாரந்தோறும் பார்த்து ஒப்பமிடும் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்போம்? அவர் விடுப்பிற் செல்லும்போது பார்ப்பவர் யார்?